தீட்மாரை எப்படி வாசிப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியின் மெர்சபுர்க் நகர ஆயர் (பிஷப்) தீட்மார் எழுதிய வரலாற்றேட்டை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்து வருகிறேன். எட்டுப் புத்தகங்களில் நாலாவதோடு நிற்கிறேன். ஜெர்மன் அரசர்களின் வரலாறு என்று நினைத்து எடுத்தேன். நடுவில் பேய்க்கதை வருகிறது, யார் யாரோ இறந்த செய்தி வருகிறது, கீசெல்ஹர் என்ற பேராயருக்கு ஓயாமல் வசை விழுகிறது. ஆண்டுகளும் முன்பின்னாகத் தாவுகின்றன. இவரை எவ்வளவு தூரம் நம்பலாம்?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

உங்களைச் சலிக்கவைத்த கீசெல்ஹரிலிருந்தே தொடங்குங்கள். நூலின் சாவி அங்கேதான் இருக்கிறது.

மெர்சபுர்க் மறைமாவட்டம் 968இல் உருவானது. 971இல் கீசெல்ஹர் அதன் ஆயரானார். பத்தாண்டு கழித்து மாக்டபர்க் பேராயர் அடால்பெர்ட் இறந்ததும், அங்கிருந்த குருக்கள் ஓட்ரிக் என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்காகப் பேரரசர் இரண்டாம் ஓட்டோவிடம் பேசும்படி கீசெல்ஹரிடம் கேட்டுக்கொண்டார்கள். அவரோ பதவியைத் தனக்கே கேட்டு வாங்கிக்கொண்டார். ஓர் ஆயர் தன் மறைமாவட்டத்தை விட்டு இன்னொன்றுக்குத் தாவத் திருச்சபைச் சட்டம் இடம் தராது. அதற்கும் வழி கண்டார்கள். 981 செப்டம்பரில் ரோமில் கூடிய சபை மெர்சபுர்க்கையே கலைத்துவிட்டது. நிலம் ஹால்பர்ஸ்டாட், சைட்ஸ், மைசன் மூன்றுக்கும் பங்கு போனது. மிச்சம் கீசெல்ஹரிடம் தங்கியது.

1004இல் கீசெல்ஹர் இறந்ததும் அரசர் இரண்டாம் ஹென்றி மெர்சபுர்க் மறைமாவட்டத்தை மீட்டுக் கொடுத்தார். 1009இல் தீட்மார் ஆயரானபோது பெயர் திரும்பியிருந்தது, நிலம் முழுவதும் திரும்பவில்லை. அரச பட்டயங்களைக் கீசெல்ஹர் எரித்தார், சிலவற்றைத் திருத்தினார் என்று தீட்மார் குற்றம் சாட்டுகிறார். 1012இல் அவர் எழுதத் தொடங்கியது இந்த நிலையில்தான். பட்டா தொலைந்த நிலத்துக்குப் போடும் மனுவாகவே இந்த நூலின் பெரும்பகுதியை நான் வாசிக்கிறேன்.

எனவே மெர்சபுர்க்கின் பெயர் வரும் இடமெல்லாம் கொஞ்சம் நின்று நிதானியுங்கள். 955 ஆகஸ்ட் 10, புனித லாரன்ஸ் திருநாளன்று தெற்கு ஜெர்மனியின் லெக்ஃபெல்டில் அரசர் முதலாம் ஓட்டோ ஹங்கேரியர்களை முறியடித்தார். வென்றால் மெர்சபுர்க்கில் அந்தப் புனிதருக்கு மறைமாவட்டம் அமைப்பேன் என்று போருக்கு முன் அவர் நேர்ந்துகொண்டதாகத் தீட்மார் எழுதுகிறார். அந்தப் போரைப் பல்லாண்டு முன்பே விரிவாக எழுதிய கோர்வை மடத்துத் துறவி விடுகிண்டிடம் இந்த நேர்த்திக்கடன் இல்லை. தீட்மார் விடுகிண்டை வைத்துக்கொண்டு எழுதியவர். இப்படி அவர் கூடுதலாகச் சேர்க்கும் வரிகளைப் பிரித்துப் பார்த்தாலே யாருக்காக எழுதுகிறார் என்பது தெரிந்துவிடும். 982இல் தென்னித்தாலியில் இரண்டாம் ஓட்டோவின் தோல்வி, 983இல் எல்பே ஆற்றுக்கு அப்பால் ஸ்லாவியர் எழுச்சி, இரண்டையும் மெர்சபுர்க்கைக் கலைத்த பாவத்தின் தண்டனையாகவே அவர் காட்டுகிறார்.

ஆண்டுகள் தாவுவதற்குக் காரணம் அவர் வேலைசெய்த முறை. பல எழுத்தர்கள் எழுதியிருக்கிறார்கள், அதன்மேல் அவர் தன் கையால் திருத்தியும் இடைச்செருகியும் இருக்கிறார். குவெட்லின்பர்க் மடத்து ஆண்டுக்குறிப்புகள் பிறகு கைக்கு வந்தன, முன்பே எழுதியதில் அவற்றையும் நுழைத்தார். அந்த மூலப்படி டிரெஸ்டனில் இருந்தது. 1945 குண்டுவீச்சையொட்டி அதில் நீர் புகுந்து பெரும்பகுதி பாழானது. 1905இலேயே அதை ஒளிநகலாக அச்சிட்டிருந்ததால் இன்றும் எழுத்தர்களின் கையெழுத்தைப் பிரித்தறிய முடிகிறது. 1935இல் வந்த ஹோல்ட்ஸ்மன் பதிப்பு, பிற்காலத்தில் கோர்வையில் திருத்தப்பட்ட வடிவத்தையும் அருகில் வைத்துத் தருகிறது.

சாவுச் செய்திகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். இறந்தவர்களுக்காக அவரவர் நினைவுநாளில் வேண்டுவது ஆயரின் கடமை. அதற்கான நினைவேட்டில் நாளும் மாதமும் இருக்கும், ஆண்டு இருக்காது. தீட்மாரிடம் நாள் கச்சிதமாக இருந்து ஆண்டு பிசகினால் வியக்க வேண்டாம். நாளை நம்புங்கள், ஆண்டை வேறொரு மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

பேய்க்கதைகளுக்கும் ஒரு வேலை உண்டு. சாவோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணும் ஸ்லாவியரை முன்னிட்டே அவற்றைச் சொல்வதாக அவரே எழுதுகிறார். பகல் உயிரோடிருப்பவர்க்கு, இரவு இறந்தவர்க்கு என்பது அவர் வாக்கு. ஒரு கதையை உறவுக்காரப் பெண்ணான, கன்னியர் மடத் தலைவி பிரிகிடாவிடம் கேட்டதாகப் பெயரோடு குறிக்கிறார். கேட்டது யாரிடம் என்று சொல்லும் இந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. தனக்கு எதிரானதையும் அவர் மறைப்பதில்லை. வால்பெக் மடத்தின் தலைமைப் பதவிக்காகத் தந்தையின் சகோதரர் லியூதாருக்கு விலை கொடுத்ததைப் பாவமாக ஒப்புக்கொள்கிறார்.

நாலில் நின்றது நல்லதே. முதல் நாலு புத்தகங்கள் எண்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளை ஓட்டமாகக் கடக்கின்றன. ஐந்து முதல் எட்டு வரை 1002க்குப் பிந்தைய பதினாறு ஆண்டுகள்தான், அவர் கண்ட காலம். போலந்தின் ஆட்சியாளர் போலெஸ்லாவ் மீதான வெறுப்பை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். 1018இல் போலெஸ்லாவ் கீவுக்குள் நுழைந்ததையும், அங்கே 400க்கு மேல் தேவாலயங்களும் 8 சந்தைகளும் இருந்ததையும் எழுதுகிறார். தேவாலய எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல. ஆனால் அந்தப் படையில் 300 ஜெர்மானியர் இருந்தார்கள் என்றும் அவரே சொல்கிறார், அப்படி நேரில் கண்டவர்கள் வழியாகத்தான் இச்செய்தி சில மாதங்களுக்குள் மெர்சபுர்க்குக்கு வந்திருக்க வேண்டும். அதே ஆண்டு டிசம்பர் 1இல் தீட்மார் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, மைசன் ஆயருடனான எல்லை வழக்கில் முல்டே ஆற்றுக்குக் கிழக்கே உள்ள பகுதியை மனமில்லாமல் விட்டுக்கொடுத்ததை அவர் எழுதியிருக்கும் இடத்தை அடுத்து வாசியுங்கள்.