வார்டில் கேட்கும் ஆங்கிலம்: அம்பாசமுத்திரம் தங்கைக்கு ஒரு பதில்

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியில் தேறி இங்கிலாந்துக்குச் செவிலியராகப் புறப்படவிருக்கும் அம்பாசமுத்திரம் தங்கையே, வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து புதுப்பொருள் தரும் ஃப்ரேசல் வெர்ப்களின் பட்டியல் ஒன்றை நாளுக்குப் பத்து வீதம் மனப்பாடம் செய்கிறேன், அது போதுமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே வாடகை, குளிர், அரிசி பற்றியும் கேட்டிருக்கிறாய். அரிசிக்கும் தேங்காய்க்கும் இங்கே பஞ்சமில்லை. குளிருக்கான உடுப்பை இங்கே வந்து வாங்கிக்கொள். வாடகையை உன்னை வேலைக்கு எடுத்த மருத்துவமனையிடமே விசாரி. மனப்பாடத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அந்தப் பட்டியலை மூடி வை. 'டேக் ஆஃப்', 'டேக் ஆன்', 'டேக் அப்', 'டேக் இன்' என்று ஒரே வினையின் கீழ் அடுக்கிப் படித்தால், வேண்டிய நேரத்தில் நான்கும் ஒன்றோடொன்று குழம்பி எதுவும் வாய்க்கு வராது. ஒரு நோயாளியின் ஓர் இரவை எடுத்துக்கொண்டு, அதில் நடப்பவற்றை இவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று படி. நான் யார்க்‌ஷையரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பணி மாறும்போது நோயாளிகளின் நிலையை அடுத்தவர்களிடம் சொல்லி ஒப்படைக்கும் காலை ஹேண்டோவரில் ஒரு செவிலியர் மூச்சுவிடாமல் சொன்னார்: 'ஹி வாஸ் அப் அண்ட் டவுன் ஆல் நைட், ப்ராட் அப் ஹிஸ் டீ.' இரவு முழுவதும் எழுவதும் படுப்பதுமாக இருந்தார், சாப்பிட்டதை வாந்தியெடுத்துவிட்டார் என்பது அதன் பொருள். வட இங்கிலாந்தில் பலருக்கு 'டீ' என்பது மாலைச் சாப்பாடு. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று நாம் பெருமை பேசும் பாளையங்கோட்டையில் படித்த எனக்கு, யாரோ தேநீர் குடித்தார் என்பதற்கு மேல் எதுவும் விளங்கவில்லை.

நோயாளிகள் பாடப்புத்தகச் சொற்களில் நோவைச் சொல்வதில்லை. வாந்தியெடுப்பது 'த்ரோ அப்', மயக்கம் தெளிவது 'கம் ரவுண்ட்', வீக்கம் வடிவது 'கோ டவுன்', வலிமருந்தின் வேகம் குறைவது 'வேர் ஆஃப்'. வயதான அம்மையார் 'ஸ்பெண்ட் எ பென்னி' என்று கூச்சத்தோடு சொன்னால் அவரைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல். ஒரு காலத்தில் பொதுக் கழிப்பறைக் கதவைத் திறக்க ஒரு பென்னி காசு போட வேண்டியிருந்ததால் வந்த வழக்கு அது. 'டேக் ஆஃப்' போல இரண்டாகப் பிரியக்கூடியவற்றில் 'இட்' வந்தால் நடுவில் வர வேண்டும்: 'டேக் இட் ஆஃப்'. அழுத்தம் பெரும்பாலும் பின்னால் வரும் சிறு சொல்லில் விழும். அதைக் காதால்தான் பழக முடியும்.

நம்மோடு வரும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கையாக இரு. 2019-இல் 'பாஸ் அவுட்' ஆனேன் என்று பெருமையாகச் சொல்லாதே. இங்கே அது மயங்கி விழுந்தாய் என்றாகும். வார்டின் தலைமைச் செவிலியரான வார்டு சிஸ்டர் 'வுட் யூ லைக் டு' என்று தொடங்கினால் அது விருப்பம் கேட்பதன்று, உத்தரவு.

வெளிப்படையாகவே சொல்கிறேன், நம்மவர்களில் பலர் தமிழ் வீட்டில் தங்கி, தமிழரோடு மட்டும் உண்டு, பல ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த ஊர்ப் பேச்சு புரியவில்லை என்று குறைப்படுகிறார்கள். இன்னொரு வகையினர் வந்த மாதமே உச்சரிப்பை மாற்றிக்கொண்டு, திருநெல்வேலி என்பதைக்கூடத் திருகிச் சொல்வார்கள். நான் இடைவேளைகளில் துப்புரவுப் பணியாளர்களோடும் உதவியாளர்களோடும் உட்கார்ந்து, புரியாததை அங்கேயே கேட்டேன். இன்று ஹேண்டோவர் முடிந்ததும் புதியவர்கள் என்னிடம் வந்து பொருள் கேட்கிறார்கள்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த ஒரு முதியவர். இரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போதெல்லாம் புதிதாக ஒரு சொற்றொடரைச் சொல்லி, மறுநாள் மறக்காமல் கேட்பார். அவரும் என்னை 'லவ்' என்றுதான் கூப்பிட்டார். உன்னையும் அப்படிக் கூப்பிடுவார்கள். முகம் சுளிக்காதே, நம் ஊர்ப் பெரியவர்கள் 'எம்மா' என்பதைப் போன்றதுதான் அது.