குழந்தையின் வாக்குமூலம் யார் கைக்குப் போகும்?

போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்குகளில் பதிவாகும் வாக்குமூலங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, இந்த வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞரின் பதில்கள்.

ஒரு தாய்: மகள் மாஜிஸ்திரேட்டிடம் 164 வாக்குமூலம் (குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் பதிவாவது) கொடுத்துவிட்டு வந்தாள். எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) பக்கத்துத் தெருக்காரர். இப்போதே நகல் வாங்கிவிடுவாரா?

முடியாது, அம்மா. சிவண்ணா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: நகல் விசாரணை அதிகாரிக்கு மட்டும்தான். குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை உள்ளே இருப்பதை அவர் யாரிடமும் சொல்லக்கூடாது. 2020-ல் ஒரு உத்தரப் பிரதேச வழக்கில் எதிரிக்கு முன்கூட்டியே நகல் தரச் சொன்ன அலகாபாத் உயர் நீதிமன்ற உத்தரவையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஸ்டேஷனிலிருந்து வாய்வழியாகக் கசிந்தாலும் தவறுதான், உடனே சிறப்பு நீதிமன்றத்தில் எழுத்தில் கொடுங்கள்.

அதே தாய்: அப்புறம் கொடுத்துவிடுவார்களா?

கொடுத்துத்தான் ஆக வேண்டும். தன் மேல் என்ன குற்றம் சொல்லப்படுகிறது என்று தெரியாமல் எவரும் வழக்காட முடியாது. இப்போது பழைய சட்டத்தின் 164-க்குப் பதில், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 183, நகல் தருவது அதே சட்டத்தின் 230-ஆம் பிரிவு. குற்றப்பத்திரிகை வந்ததும் உங்களுக்கும் நகல் உண்டு, போக்சோ 25(2)-இன்படி கேட்டு வாங்குங்கள்.

இளம் வழக்கறிஞர்: வாக்குமூலத்தை வீடியோவில் எடுத்திருக்கிறார்கள். அதையும் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பார்களா?

இதைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். பேப்பரில் இருப்பது சொற்கள்தான். வீடியோவில் குழந்தையின் முகமும் குரலும் இருக்கிறது, ஒருமுறை வெளியே போனால் திரும்ப வராது. கேரள நடிகை வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது: நடிகை மீதான பாலியல் தாக்குதல் பதிவான மெமரி கார்டும் ஆவணம்தான், ஆனால் பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் சம்பந்தப்பட்டிருந்தால், நகல் தராமல் எதிரியும் அவர் வக்கீலும் நிபுணரும் பார்க்க மட்டும் அனுமதிக்கலாம். அங்கே இருந்தது குற்றக் காட்சி, வாக்குமூலம் அல்ல. ஆனாலும் அதே நியாயத்தைச் சொல்லி மனு போடுங்கள், நகல் கொடுக்கும் நாளுக்கு முன்பே போடுங்கள். சீல் வைத்த உறை, யார் எப்போது திறந்தார் என்ற பதிவேடு, கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பில் எது மாறினாலும் தானும் மாறிவிடும் டிஜிட்டல் அடையாள எண்) மூன்றையும் உத்தரவில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அதே மெமரி கார்டு நீதிமன்றப் பொறுப்பில் இருந்தபோதே அதன் ஹாஷ் மதிப்பு மாறியிருந்தது. பாதிக்கப்பட்டவர் போராடிய பிறகு, 2023 டிசம்பரில்தான் கேரள உயர் நீதிமன்றம் அதை விசாரிக்க உத்தரவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நிருபர்: பெயர் போடாமல் வாக்குமூலத்திலிருந்து நாலு வரி எடுத்துப் போடலாமா?

வேண்டாம். போக்சோ 23-ஆம் பிரிவு பெயரோடு நிற்கவில்லை. பள்ளி, குடும்பம், குடியிருக்கும் பகுதி என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாது. மீறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. 'எட்டாம் வகுப்பு, அப்பா லாரி டிரைவர்' என்று எழுதினாலே அந்த ஊருக்கு யாரென்று தெரிந்துவிடும். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, ஏன் தாமதமாகிறது என்று எழுதுங்கள், அதற்கு வாக்குமூலம் தேவையில்லை.