டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களால் நல்லபடியாக வாழ முடியுமா?

முடியும். நம் உடலின் உயிரணுவில் (செல்) வழக்கமாக 46 குரோமோசோம்கள், அதாவது மரபுத் தகவலைச் சுமக்கும் இழைகள், இருக்கும். இவர்களில் பெரும்பாலோருக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று, மொத்தம் 47. இட்லி மாவில் உளுந்து ஒரு கை கூடிப்போன மாதிரி. உளுந்து கெட்டதல்ல, அளவு கூடியதால் பதம் மாறுகிறது. தசைகள் தளர்வாக இருக்கும், பேச்சும் கற்றலும் மெதுவாக வரும்.

ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இதயக் குறை உண்டு. அமெரிக்காவில் 1983இல் இவர்களின் சராசரி ஆயுள் 25 வயதுதான். இன்று சுமார் 60. மாறியது குரோமோசோம் அல்ல, இதய அறுவை சிகிச்சையும் கவனிப்பும்.

தைராய்டையும் காதையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைப் 'பிடிவாதக்காரன்' என்று திட்டுவார்கள். பார்த்தால் காதுக்குள் நீர் கோத்திருக்கும். சட்டைப் பொத்தான் போட அவனுக்குப் பத்து நிமிடம் ஆகலாம். வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும்போது பொறுத்திருப்பது கஷ்டம்தான்! ஆனால் தினமும் நாமே போட்டுவிட்டால், முப்பது வயதிலும் யாராவது போட்டுவிட வேண்டியிருக்கும்.

கிரகணத்தன்று தாய் வெளியே போனதால் வந்தது, பரம்பரை தோஷம் என்றெல்லாம் சொல்வார்கள். பெரும்பாலும் இது கருமுட்டை உருவாகும்போது தற்செயலாக நேரும் பிழை, யாருடைய தவறும் அல்ல.