மைத்துனருக்கும் சேர்த்துத் தூண்டில் பை வாங்கலாமா?

கேள்வி: மேலூரில் வசிக்கிறேன். வயது 31. மதுரையில் தனியார் நிறுவனத்தில் வேலை, கைக்கு வரும் சம்பளம் 27,000 ரூபாய். சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியின் தம்பியோடு தூண்டில் போடப் போகிறேன். இருவரிடமும் ஏழு அடி ராடும் ரீலும் இருக்கின்றன. அவற்றை வைக்க ஆன்லைனில் ஒரு பை செட் பார்த்தோம். ஒன்று 9,900 ரூபாய். இரண்டையும் என் கிரெடிட் கார்டில், வட்டியில்லாத் தவணையில், ஒன்பது மாதத்துக்குப் போடச் சொல்கிறான். அவன் பங்கை மாதாமாதம் கையில் தந்துவிடுவானாம். கார்டில் ஏற்கெனவே 38,000 ரூபாய் பாக்கி. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவருகிறேன். அந்தப் பாக்கியில் பாதிக்கு மேல் அவனுக்காக வாங்கியது. அவன் பணம் கொடுத்துவிட்டான், அது வீட்டுச் செலவில் கரைந்துவிட்டது. அஞ்சலக ஆர்.டி.யில் மாதம் 2,000 வீதம் 40 மாதம் கட்டியிருக்கிறேன், அதை உடைக்க மனமில்லை. புதிதாகத் தூண்டில் பிடிப்பவருக்கு இந்தப் பை சரியா, மலிவாக வேறு உண்டா?

பதில்: மலிவாக உண்டு, சொல்கிறேன். முதலில் அந்தக் கார்டு.

38,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்தால் வட்டி 1,330. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 240. ஆக 1,570 ரூபாய். நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகை ஐந்து சதவீதம் என்றால் 1,900. அதாவது மாதம் 1,900 கட்டி, கடனில் குறைவது ஏறக்குறைய 330 ரூபாய்தான். குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்று பில்லிலேயே எச்சரிக்கை அச்சிட ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. அடுத்த பில்லில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மைத்துனருக்கு நீங்கள் கார்டைத் தேய்த்த ஒவ்வொரு முறையும் அவருடைய வட்டியைச் சத்தமில்லாமல் நீங்கள் கட்டியிருக்கிறீர்கள். அவர் ஏமாற்றவில்லை, சொன்னபடி ரூபாயைத் திருப்பிவிட்டார். ரூபாய் நோட்டாக வந்தது, பெட்ரோலுக்கும் மளிகைக்கும் போனது, கார்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டைக் கெடுப்பது இந்தப் பழக்கம்தான்.

'வட்டியில்லாத் தவணை' என்ற பெயரைப் பார்த்தாலே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. சுழிய வட்டி என்று ஒன்றே இல்லை என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பெரும்பாலும் வட்டியைத் தள்ளுபடி என்ற பெயரில் விலையில் கழிப்பார்கள், அந்த வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். 19,800 ரூபாய்க்கு இது சில நூறுதான், அதற்காக நான் பதறவில்லை. மாதத் தவணை 2,200 ரூபாய் முழுவதும் குறைந்தபட்சத் தொகையில் சேர்ந்துகொள்ளும். 1,900 கட்டிய நீங்கள் 4,100 கட்ட வேண்டும். மைத்துனர் ஒரு மாதம் தாமதித்தால் உங்கள் சம்பளத்தில் அதற்கு இடம் எங்கே இருக்கிறது?

இப்போது பை. நீங்கள் பார்த்த விலையில் வரும் செட்டுகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் கெண்டை பிடிப்பவர்களை மனத்தில் வைத்துத் தைத்தவை. பன்னிரண்டு அடி ராடு மூன்றைத் தூக்கிக்கொண்டு, குளக்கரையில் கூடாரம் போட்டு, இரண்டு மூன்று இரவு தங்குபவர்கள் அவர்கள். நீங்கள் விடியலில் போய் வெயில் ஏறுமுன் திரும்புகிறீர்கள். ஏழு அடி ராடு இரண்டு துண்டு என்றால் ஒவ்வொன்றும் மூன்றரை அடி. நான்கு அடி நீளத்துக்கு மூன்று அங்குல பி.வி.சி. குழாய் வெட்டி வாங்குங்கள். ஒரு முனையில் மூடியைப் பசை போட்டு ஒட்டிவிடுங்கள், மறுமுனையில் கழற்றும் மூடி. ரீலைக் கழற்றிவிட்டு ராடை உள்ளே விட்டால் பஸ் கூட்டத்திலும் வளையம் நசுங்காது. முந்நூறு ரூபாய்க்குள் முடியும். முள், ஈயக்குண்டு, தக்கைக்கு அறை பிரித்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, 150. ரீலுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் தோள் பை ஒன்று, பள்ளிப் பை தைக்கும் கடையில் கேட்டால் ஐந்நூறுக்குத் தைத்துக் கொடுப்பார்கள். ஜிப் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், உலோக ஜிப் ஈரத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். அடிப்பக்கம் ரெக்சின் வையுங்கள், சேற்றுக் கரையில் வைத்தாலும் உள்ளே ஊறாது. தோள் வார் பையோடு சேரும் இடத்தில் குறுக்குத் தையல் போடச் சொல்லுங்கள், முதலில் பிய்வது அங்கேதான். மண்புழு டப்பாவைத் தனியாக, மூடியில் துளையிட்டு எடுத்துப் போங்கள். பிடித்த மீனுக்கு மூடியுள்ள பழைய பெயிண்ட் வாளி போதும், நன்றாகக் கழுவி எடுத்தால் கரையில் உட்காரவும் ஆகும். வீடு திரும்பியதும் பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் உலர்த்துங்கள். நைலான் நரம்பை வெயிலில் போடாதீர்கள், வலு போய்விடும். மொத்தம் ஆயிரம் ரூபாய்க்குள்.

நம் பக்கத்துக் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து, கோடையில் தரை தெரிய வற்றிவிடுபவை. ஒன்பது மாதத் தவணை ஓடும்போது பாதி மாதங்கள் அந்தப் பை பரணில்தான் கிடக்கும். பல கண்மாய்களின் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்கு விடப்பட்டிருக்கும், குத்தகைதாரரிடம் கேட்காமல் தூண்டில் வீசாதீர்கள்.

கடனுக்கு வழி உங்கள் ஆர்.டி.யிலேயே இருக்கிறது, அதை உடைக்க வேண்டியதும் இல்லை. 12 தவணை கட்டி ஓராண்டு முடிந்த அஞ்சலக ஆர்.டி.யில், கணக்கிலுள்ள தொகையில் பாதிவரை கடன் தருவார்கள். வட்டி, ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல். உங்கள் 80,000 ரூபாய்க்கு 40,000 வரை கிடைக்கும். 38,000 எடுத்து ஒரே நாளில் கார்டை முழுவதும் அடையுங்கள். 9 சதவீதம் என்று வைத்தாலும் முதல் மாத வட்டி 285 ரூபாய்தான், இப்போது கட்டுவது 1,570. ஆர்.டி. முதிர இன்னும் 20 மாதம் இருக்கிறது. இப்போது கட்டும் 1,900-ஐ 2,100 ஆக்கினால் அதற்குள் கடன் தீர்ந்துவிடும். ஆர்.டி. தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மைத்துனரிடம் மனைவி வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள், வீட்டுச் சண்டை அப்படித்தான் தொடங்கும். நீங்களே நேரில் சொல்லுங்கள்: "கார்டை அடைத்துவிட்டேன், இனி யாருக்காகவும் தேய்க்க மாட்டேன், எனக்காகவும் தேய்க்க மாட்டேன்." குழாய் வாங்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எட்டு அடியாக வாங்கி நடுவில் வெட்டினால் இருவருக்கும் ஆயிற்று, அவர் பாதிப் பணத்தைக் கடையிலேயே கொடுக்கட்டும்.