பாயும் புகைபோக்கியும் ஒரே கப்பலில் ஏன்? கப்பல் மாதிரிகள்: கேள்வி பதில்

அருங்காட்சியகக் கப்பல் மாதிரிகளையும், போர்க்கப்பல்கள் பாயிலிருந்து நீராவிக்கு மாறிய காலத்தையும் பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் கேட்ட கேள்விகள் இவை. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (பாலக்கோடு, கல்லூரி மாணவி): சார், ஒரு மாதிரியில் மூன்று பாய்மரம், நடுவில் இரண்டு புகைபோக்கி. நீராவி வந்த பிறகும் பாய் எதற்கு?

பதில்: நிலக்கரிதான் காரணம், அம்மா. அந்தக் கால இன்ஜின் கரியை அள்ளி விழுங்கும். நடுக்கடலில் தீர்ந்தால் எங்கே போய் வாங்குவது? அதனால் தூரப் பயணத்துக்குப் பாய், சண்டைக்கு நீராவி என்று இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். 1860-ல் பிரிட்டன் கடலில் இறக்கிய 'வாரியர்' இதற்கு நல்ல உதாரணம். பாயில் ஓடும்போது புரொப்பெல்லர் தண்ணீரில் சும்மா கிடந்து வேகத்தைக் குறைக்கும். எனவே நூற்றுக்கணக்கான மாலுமிகள் கயிறு பிடித்து அதை மேலே தூக்கிவிடுவார்கள். புகைபோக்கிகளையும் பாதி உள்ளே இறக்கிவிடலாம். இந்த வகை மாதிரியைப் பார்த்தால் பின்பக்கம் குனிந்து பாருங்கள். புரொப்பெல்லர் மேலே ஏறுகிற வழியைச் சில மாதிரிகளில் செதுக்கியே காட்டியிருப்பார்கள். எனக்கு ஒரு மாதிரியில் முதலில் கண் போவது அங்கேதான்.

கேள்வி (கிருஷ்ணகிரி, பள்ளி ஆசிரியர்): பக்கவாட்டுச் சக்கரம் வைத்த நீராவிக் கப்பல்கள் போருக்கு ஏன் ஒத்துவரவில்லை?

பதில்: பீரங்கி நிற்க வேண்டிய இடத்தைச் சக்கரம் பிடித்துக்கொள்ளும். ஒரு குண்டு அதில் பட்டால் கப்பல் அங்கேயே நின்றுவிடும். புரொப்பெல்லர் தண்ணீருக்கு அடியில் பத்திரமாக இருக்கும். 1845-ல் பிரிட்டிஷ் கடற்படை 'ராட்லர்' என்ற புரொப்பெல்லர் கப்பலையும் 'அலெக்டோ' என்ற சக்கரக் கப்பலையும் பின்னோடு பின் கட்டி இழுக்கவிட்டது. ராட்லர் மற்றதைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது. பாடத்தில் இதைச் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

கேள்வி (தருமபுரி, அரசு ஊழியர்): பழைய பாய்மரக் கப்பல் மாதிரி ஒன்றின் படம் பார்த்தேன். அடிப்பகுதியில் பலகையே இல்லை, விலா எலும்பு மாதிரி சட்டங்கள் தெரிகின்றன. சிதைந்துவிட்டதா?

பதில்: இல்லை சார், வேண்டுமென்றே அப்படி விட்டது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டிஷ் கடற்படைக்காகச் செய்த மாதிரிகளில் இது வழக்கம். அளவு பெரும்பாலும் 48-ல் ஒரு பங்கு, அதாவது நிஜக் கப்பலின் ஓர் அடிக்குக் கால் அங்குலம்.

கேள்வி (ஊத்தங்கரை, வியாபாரி): அப்போ பாய் கடைசியில் எப்போது ஒழிந்தது?

பதில்: ஒரே நாளில் ஒழியவில்லை. ஆனால் ஒரு விபத்து எல்லோரையும் உலுக்கியது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி கௌப்பர் கோல்ஸ் என்பவர் சுழலும் கோபுரத்தில் பீரங்கி வைக்க வேண்டும் என்று போராடியவர். யோசனை சரியானதுதான். அவர் வடிவமைத்த 'கேப்டன்' கப்பலில் அந்தக் கோபுரங்களோடு முழுப் பாய்களும் இருந்தன. உடலோ தாழ்வானது. தண்ணீர் மட்டத்துக்கு மேல் எட்டு அடி நிற்க வேண்டிய தளம், கட்டும்போது எடை கூடியதால் ஆறரை அடிக்கு இறங்கிவிட்டது. 1870 செப்டம்பரில் ஸ்பெயின் கரைக்கு அப்பால் இரவுக் காற்றில் கப்பல் கவிழ்ந்தது. 470 பேருக்கு மேல் இறந்தார்கள், கோல்ஸும் அதில் போனார். மறு ஆண்டே கடலில் இறங்கிய 'டெவஸ்டேஷன்' கப்பலில் பாயே கிடையாது. முன்னும் பின்னும் ஒவ்வொரு கோபுரம், நடுவில் ஒற்றை மரம், அவ்வளவுதான். இந்த இரண்டு மாதிரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளக்கப் பலகையே தேவையில்லை என்பேன். அப்புறம், ஒரே ஆவியை இரண்டு மூன்று சிலிண்டர்களில் அடுத்தடுத்து வேலை வாங்கும் இன்ஜின்கள் பரவின. கரிச் செலவு குறைந்தது. ஏடன் போன்ற துறைமுகங்களில் கரி கிடைத்தது. பாய்க்கு வேலை இல்லாமல் போனது.

கேள்வி (அரூர், ஓய்வுபெற்றவர்): சென்னையில் குண்டு போட்ட எம்டனும் நீராவிக் கப்பல்தானா?

பதில்: ஆமாம் ஐயா, அந்த ஜெர்மன் போர்க்கப்பலும் நிலக்கரி நீராவிதான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அதற்கு மூன்று புகைபோக்கி. பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரிய நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்திக்கொள்வார்கள். மாதிரியில் நான்கு இருந்தால் தவறு என்று நினைக்காதீர்கள். கரிக்காகவும் எம்டன் எதிரிக் கப்பல்களைப் பிடிக்க வேண்டியிருந்தது.

கேள்வி (ஓசூர், லேத் பட்டறைத் தொழிலாளி): அண்ணா, நானே ஒன்று செய்யலாமா? தேக்கு கிடைக்கும். பீரங்கிகளை ஈயத்தில் வார்க்கலாமா?

பதில்: தாராளமாகச் செய்யுங்கள் தம்பி. ஆனால் தேக்கின் ரேகை பெரிது, சின்ன அளவில் உறுத்தும். வெப்பாலை அல்லது மஞ்சக்கடம்பு பாருங்கள். கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மைக்குப் போவது வெப்பாலைதான், இழை நெருக்கமானது. ஈயம் வேண்டவே வேண்டாம். மூடிய பெட்டிக்குள் சில மரங்களிலிருந்து, முக்கியமாக ஓக்கிலிருந்து, வரும் அமில ஆவி பட்டு ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும். அருங்காட்சியகங்களுக்கே இது பெரிய தலைவலி. கையில் லேத் இருக்கிறதே, பித்தளையில் கடைந்துவிடுங்கள். கயிற்றில் ஒரு விஷயம்: பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள், அவை கறுப்பு. பாயை இழுக்கும் கயிறுகள் வெளிர் நிறம். முதல் முயற்சிக்கு முழுக் கப்பல் வேண்டாம். கப்பல் கட்டுபவர்களே பாதி உடலை மட்டும் செதுக்கிப் பலகையில் பதித்து வடிவம் பார்ப்பார்கள். நீங்களும் அதிலிருந்து தொடங்குங்கள்.