எழுபது டிகிரியில் நின்றுபோன இறைச்சி

வணக்கம் அக்கா,

போன ஞாயிறு இருபது பேருக்கு புல்டு போர்க் (மெதுவாக வேகவைத்து இழை இழையாகப் பிரித்த பன்றி இறைச்சி) சாண்ட்விச் செய்ய இறங்கினேன். எலும்போடு 3 கிலோ பன்றித் தோள்பகுதி, 120 டிகிரி ஓவன். காலை ஆறு மணிக்கே வைத்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு இறைச்சியின் உள்சூடு 70-ஐத் தொட்டது. அதோடு சரி, இரண்டு மணி நேரம் அசையவே இல்லை. ஆட்கள் வந்துவிட்டார்கள். பயந்துபோய் ஓவனை 200-க்கு ஏற்றினேன். வெளியே கருகியது, உள்ளே இழை பிரியவில்லை. கத்தியால் நறுக்கித்தான் வைத்தேன், அதுவும் பாதிப் பேருக்கு எட்டவில்லை. எங்கே தப்பு?

*

அன்புள்ள தம்பிக்கு,

ஓவன் மேல் சந்தேகப்படாதீர்கள். வியர்வை காயும்போது உடம்பு குளிர்கிறதே, அதே சங்கதிதான். இறைச்சியின் மேல் ஈரம் ஆவியாகிப் போகும்போது, ஓவன் கொடுக்கிற சூட்டை அதுவே எடுத்துக்கொண்டு போய்விடும். 65-லிருந்து 75 டிகிரிக்குள் எங்காவது இப்படி முள் நின்றுவிடும். அமெரிக்க பார்பெக்யூக்காரர்கள் இதற்கு ‘ஸ்டால்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஈரம் குறைந்ததும் தானாக ஏறும். பொறுமை இல்லையென்றால் அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றிவிடுங்கள். மேல் பொறுக்கு கொஞ்சம் நமுத்துப்போகும், அவ்வளவுதான்.

நீங்கள் தவறியது 200-க்கு ஏற்றியதில். தோள்பகுதி உழைத்த தசை, உள்ளே கொலாஜன் என்ற கெட்டியான இணைப்புப் புரதம் நிறைய. அது ஜெலட்டினாக இளகச் சூடு மட்டும் போதாது, நேரமும் வேண்டும். 70 டிகிரியில் இறைச்சி வெந்திருக்கும், சாப்பிடலாம், ஆனால் பிரியாது. 90, 95 வரை மெதுவாகப் போகவேண்டும். நான் வெப்பமானி காட்டுவதைவிட எலும்பைத்தான் நம்புவேன். துணியால் பிடித்து லேசாகத் திருகினால், ஒரு துளி சதைகூட ஒட்டாமல் வெள்ளையாகக் கழன்று கைக்கு வரும். வரவில்லையா, மூடி மறுபடி ஓவனில் வையுங்கள்.

அளவிலும் ஏமாந்திருக்கிறீர்கள். எலும்பு, கொழுப்பு, வற்றிய நீர் எல்லாம் போக ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். ஒரு பன்னுக்கு 110 கிராம் என்றால் உங்கள் 3 கிலோவில் பதிமூன்று சாண்ட்விச். இரண்டாவது கேட்பவர்களையும் சேர்த்து, இருபது பேருக்கு 6 கிலோவாக வாங்குங்கள், இரண்டு துண்டுகளாக. ஒரே பெரிய துண்டு வேகவே வேகாது என்று தோன்றிவிடும்.

அப்புறம், விருந்தன்று இதைச் சமைக்காதீர்கள். முந்தின நாளே செய்யவேண்டிய பண்டம் இது. வெந்ததும் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, இரண்டு முள்கரண்டியால் பிரியுங்கள். தட்டில் இறங்கிய சாற்றை மேல்கொழுப்பு நீக்கி, பிரித்த இறைச்சியிலேயே ஊற்றுங்கள். (முதல் தடவை நான் அந்தச் சாற்றைத் தொட்டியில் கொட்டிவிட்டு, வறண்ட இறைச்சியின் மேல் இனிப்பு சாஸை ஒரு பாட்டில் கவிழ்த்தேன். வந்தவர்கள் ஜாம் பன் மாதிரி சாப்பிட்டுப் போனார்கள்.) அகலப் பாத்திரத்தில் பரப்பிச் சீக்கிரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மூடிச் சூடாக்கினால் போதும்.

சாஸ் விஷயத்தில் நான் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் கிழக்குப் பகுதிக் கட்சி. வினிகர், காய்ந்த மிளகாய்த் தூள், உப்பு, தக்காளி கிடையாது. கொழுப்பு இறைச்சிக்கு அந்தப் புளிப்புதான் சரி. பன்னை வெண்ணெயில் வாட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சாறு ஊறிப் பிய்ந்துவிடும்.

எல்லாருக்கும் எட்டவில்லை என்றீர்கள்; ஆனாலும் நறுக்கியதில் மிச்சம் ஏதாவது ஃப்ரீசரில் போட்டீர்களா? கருகியதைச் சீவிவிட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, தாளில் சுற்றி 130 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்துப் பாருங்கள். பிரியும்.

அன்புடன்,
அக்கா