ஆலயத்துக்குப் போகாமல் வீட்டில் ஜெபித்தால் தேவபிரசன்னம் (கடவுள் அங்கே இருப்பது) இருக்காதா?

இருக்கும். இது பழைய கேள்விதான். பைபிளில் யோவான் 4-ல் சமாரியப் பெண் இயேசுவிடம் கேட்டதும் ஏறக்குறைய இதுவே: தொழ வேண்டியது இந்த மலையிலா, எருசலேமிலா? அவள் சொன்னது கெரிசீம் மலையை. சமாரியர்கள் இன்றும் அங்கேதான் பஸ்கா பண்டிகைப் பலியிடுகிறார்கள். இரண்டும் இல்லை, ஆவியோடும் உண்மையோடும் தொழுங்கள் என்றார் இயேசு.

எருசலேமில் இருந்த யூத தேவாலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரதான ஆசாரியர் மட்டும், அதுவும் வருஷத்தில் ஒரே நாள்தான் நுழைய முடிந்தது. இத்தனைக்கும் அதை முதலில் கட்டிய சாலொமோனே, வானமே கொள்ளாத உம்மை இந்த வீடு எப்படிக் கொள்ளும் என்று ஜெபித்தவர் (1 இராஜாக்கள் 8:27). கி.பி. 70-ல் ரோமர்கள் ஆலயத்தை இடித்தபோது கிறிஸ்தவர்கள் ஏற்கெனவே வீடுகளில்தான் கூடிக்கொண்டிருந்தார்கள். சிரியாவின் தூரா யூரோப்போசில் அப்படி ஒரு மூன்றாம் நூற்றாண்டு வீடு கிடைத்திருக்கிறது. நடுச்சுவரை இடித்துக் கூடமாக்கி, இன்னொரு அறையில் ஞானஸ்நானத் தொட்டி வைத்திருக்கிறார்கள்.

கத்தோலிக்கர்களும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் நற்கருணையில் (ஆராதனையில் பகிரும் அப்பத்திலும் திராட்சரசத்திலும்) கிறிஸ்து மெய்யாகவே இருக்கிறார் என்று நம்புவதால் அவர்களுக்குக் கோவிலின் கனம் வேறு. பெரும்பாலான புராட்டஸ்டன்ட் சபைகளில் கட்டடத்தைவிடக் கூடிவருதலுக்கே அழுத்தம்.

சரி, அப்படியென்றால் தனியாகவே இருந்துவிடலாமா? இரண்டு மூன்று பேர் என் நாமத்தில் கூடுகிற இடத்தில் நான் இருக்கிறேன் என்று மத்தேயு 18:20-ல் இயேசு சொல்கிறாரே! என் கருத்தில், வீட்டு ஜெபம் ஞாயிறு ஆராதனைக்கு மாற்று அல்ல.